அறுபது அடிக் கயிறு

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ராஜேந்திர சோழன் எழுப்பிய விமானம் கண்ணுக்குப் புலப்படுவதற்குச் சில மைல் முன்னதாகவே வந்துவிடும் மீன்சுருட்டியில், தை பிறந்துவிட்டால் கிரகப்பிரவேசப் பத்திரிகைகள் வந்து குவிகின்றன. ஜோசியரைக் கலந்து நாள் குறித்து, மனையடி சாஸ்திரப்படி அறைகளின் குழிக்கணக்கைச் சரிபார்த்து, வாசக்காலுக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டி, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தில் தரைக்கு வழுவழுப்பான டைல்ஸும் முகப்புக்குத் தேக்குக் கதவும் போட்டு, வாழ்நாள் சேமிப்பையெல்லாம் சுவராக்கி முடித்த பிறகு, மிஞ்சிய செங்கல்லையும் மிஞ்சிய மணலையும் பார்த்துக்கொண்டே கொத்தனார் ஒரு கேள்வி கேட்பார்: “செப்டிக் டேங்க்கை எங்கே போட்டுடலாம்?” வீட்டுக்காரர் மிஞ்சிய மூலை ஒன்றைக் கை காட்டுவார். கடைசியாகக் கேட்கப்படும் அந்தக் கேள்வி முதல் நாளிலேயே கேட்கப்பட வேண்டியது என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

எங்கள் பக்கத்தில் மலஜலம் கழிக்கப் போவதற்குக் ‘கொல்லைக்குப் போவது’ என்று பெயர். முந்திரிக்காடும் ஏரிக்கரையும் சீமைக்கருவேல் புதருமே பல தலைமுறைகளுக்குக் கழிப்பறையாக இருந்தன. பகல் முழுவதும் அடக்கிக்கொண்டு அஸ்தமனத்துக்காகக் காத்திருந்த தாய்மார்களின் அவஸ்தையையும், மழைக்காலத்து இருட்டில் பாம்புக்குப் பயந்து இருவர் மூவராகப் போய்வந்த பெண்களின் சங்கடத்தையும் கண்டு வளர்ந்தவன் என்ற முறையில், வீட்டுக்குள்ளே கழிப்பறை வந்ததை நான் ஒரு மகத்தான விடுதலையாகவே கருதுகிறேன். 2014 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் ஒரு வீட்டுக்கு 12,000 ரூபாய் மானியம் கொடுத்து அந்த விடுதலையைத் துரிதப்படுத்தியது. ஆயினும் பீங்கான் வந்த வேகத்தில், பீங்கானுக்குப் பின்னால் பூமிக்குள் இருக்க வேண்டிய ஏற்பாடு வந்து சேரவில்லை. கண்ணுக்குத் தெரியும் பாகம் பூர்த்தியாயிற்று. தெரியாத பாகம் குழியாகவே நின்றுவிட்டது.

குழி என்று நான் சொல்வது மிகையன்று. அரை நாளில் பள்ளம் தோண்டி, சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்த மண்ணாகவே விட்டு, மேலே ஒரு மூடியைக் கவிழ்த்துவிட்டு, அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்துவிடுகிறோம். உறை என்பது தமிழருக்குப் பழகிய சாதனம். கீழடியில் மண்ணைத் தோண்டியவர்கள் சுடுமண் உறைகளால் அமைந்த கிணறுகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஊற்று உள்ளே சுரந்து வருவதற்காக முன்னோர் செய்த அந்த உறையை, மலநீர் வெளியே கசிந்து போவதற்காக இன்று நாம் இறக்குகிறோம். ஒரே தெருவில், ஒரே ஆழத்தில், ஓர் உறைக்குள்ளிருந்து போகும் நீரே அடுத்த உறைக்குள் வந்து சேரும் என்பதை அறிய விசேஷமான படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

உண்மையான தொட்டி வேறு. பிரான்ஸ் தேசத்து வெசூல் நகரில் லூயி மூரா என்பவர் 1860-களில் தம் வீட்டுக்கு அமைத்து, 1881-இல் காப்புரிமை பெற்ற மூடிய தொட்டியும், அதற்குப் பின் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்டு கேமரன் 1895-இல் அமைத்து ‘செப்டிக் டேங்க்’ என்று பெயரிட்ட தொட்டியுமே இன்றைய தொட்டிகளுக்கெல்லாம் ஆதி. தத்துவம் எளிது. நீரை ஓடவிடாமல் ஓர் இரவும் பகலுமாவது அசையாமல் நிறுத்தினால், கனமானது கசடாக அடியில் படிகிறது; எண்ணெய்ப் பசையும் இலேசானதும் ஏடாக மேலே மிதக்கிறது; இரண்டுக்கும் நடுவே உள்ள, ஓரளவு தெளிந்த நீர் மாத்திரம் மறுமுனையில் வெளியேறுகிறது. பிராணவாயு இல்லாத அந்த இருட்டில் வாழும் நுண்ணுயிர்கள் அடிக்கசடைச் சிறிது சிறிதாக ஜீரணிக்கின்றன. அவற்றின் வேலைக்கு இரண்டே நிபந்தனைகள்: தொட்டி கசியக் கூடாது, பினாயிலையும் ஆசிட்டையும் தினந்தோறும் ஊற்றி அவற்றைக் கொல்லக் கூடாது.

இங்கேதான் நம்மிடையே வேரூன்றிவிட்ட ஒரு தப்பெண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். “எங்கள் டேங்க் போட்டு இருபது வருஷம் ஆகிறது, இன்னும் நிறையவே இல்லை” என்று பெருமையோடு சொல்லாதவர் எங்கள் ஊரில் அபூர்வம். அதைக் கேட்டு, அதே கொத்தனாரைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. உள்ளபடி, சரியாகக் கட்டிய தொட்டி முதல் நாளிலிருந்தே நிறைந்திருப்பது. உபயோகத்துக்கு விடுமுன்பே, வெளியேறும் குழாயின் மட்டம் வரையில் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பதே முதற் சோதனை. மட்டம் இறங்காவிடில், நன்றாக மக்கிய சாணக் கரைசல் கொஞ்சம் ஊற்றி நுண்ணுயிர்களுக்கு வித்திடலாம். அதன் பிறகு ஒரு சொம்பு நீர் உள்ளே போனால் ஒரு சொம்பு நீர் வெளியே வரவேண்டும். இருபது வருஷம் நிறையாத தொட்டி, இருபது வருஷமாக அயலாரின் நிலத்தடியில் தன்னைக் காலி செய்துகொண்டிருக்கிறது.

அளவைப் பற்றியும் நமக்கு மயக்கம் உண்டு. பெரிதாகத் தோண்டினால் கவலையில்லை என்று பத்தடி ஆழத்துக்குப் போகிறவர்களைக் காண்கிறேன். 1985-இல் திருத்தி வெளியிடப்பட்ட இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குச் சொல்லும் அளவு 1.5 மீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம் ஆகியவையே. நீர்மட்டத்துக்கு மேல் காற்றுக்காக 30 சென்டிமீட்டர் விடவேண்டும். அதாவது ஐந்தடிக்கு இரண்டரையடி. ஆழம் நான்கேகால் அடி. இது கழிப்பறை நீரை மாத்திரம் கருதிய அளவு; குளியலறை, சமையலறை நீரையும் அதிலேயே விட்டால் கசடு படிய அவகாசமின்றிக் கலங்கி வெளியேறிவிடும். அவற்றுக்குக் கொல்லையில் ஒரு வாழைப்பாத்தி போதும். அகலத்தைப்போல் இரண்டு மடங்கு முதல் நான்கு மடங்கு வரையில் நீளம் இருக்க வேண்டும். வட்டமாகவும் சதுரமாகவும் கட்டினால் உள்ளே வந்த நீர் குறுக்கு வழியில் உடனே வெளியேறும். கொள்ளளவு 2,000 லிட்டரைத் தாண்டினால், உள்ளே நீர் வரும் பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் தடுப்புச் சுவர் எழுப்பி இரண்டு அறைகளாக்க வேண்டும். நுழையும் குழாயைவிட வெளியேறும் குழாய் 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். வெளிவாயில் ‘டி’ வடிவக் குழாய் இல்லாவிட்டால் மிதக்கும் ஏடெல்லாம் நீரோடு போய் மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். காற்றுக்குழாயைக் கூரைக்கு மேலே இரண்டு மீட்டர் உயர்த்தி, அதன் வாயில் கொசுவலை கட்டுவது அற்பமான காரியமாகத் தோன்றலாம். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு முட்டையிட விரும்பும் இடங்களில் இந்தத் தொட்டியும் ஒன்று.

தொட்டியை விட்டு வெளியே வரும் நீர் சுத்தமானதென்று எண்ணிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெளிந்திருந்தாலும், காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை முதலிய வியாதிகளின் வித்துகள் அதில் அப்படியே இருக்கும். அதை உறிஞ்சு குழிக்குள் விட்டு, மண்ணின் வழியாக மெல்ல ஊறவிடும்போதுதான் மீதிச் சுத்திகரிப்பு நடக்கிறது. ஆகவே தொட்டியைவிடவும் உறிஞ்சு குழியின் ஸ்தானமே பிரதானம். குடிநீர்க் கிணறு எதுவாயினும் அதிலிருந்து 18 மீட்டர், மனிதர் வசிக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டர் என்று அதே தர நிர்ணயம் வரம்பு கட்டுகிறது. 18 மீட்டர் என்பது ஏறக்குறைய 60 அடி.

இந்த 60 அடியை எங்கள் ஊர் மனைப்பிரிவில் வைத்துப் பார்த்தபோது நான் திகைத்துப் போனேன். முப்பதுக்கு நாற்பது என்று விற்கப்படும் இரண்டே முக்கால் சென்ட் மனையை மூலைக்கு மூலை அளந்தாலும் 50 அடிதான் வருகிறது. ஒரு மூலையில் போரும் எதிர்மூலையில் உறிஞ்சு குழியுமாக வைத்தாலும் விதி நிறைவேறாது. இத்தோடு வாஸ்துவும் வந்து சேருகிறது. ஈசானிய மூலையில் தண்ணீர், வாயு மூலையில் கழிவு என்று எல்லோரும் ஒரே வரைபடத்தைப் பின்பற்றுகிறோம். வடகிழக்கு மூலை ஈசானியம். வடமேற்கு மூலை வாயு. கிழக்கு மேற்காக வரிசையாய் அமைந்த மனைகளில் என்னுடைய வாயு மூலைக்கு அடுத்தது எது? மேற்கு வீட்டாருடைய ஈசானிய மூலை. என் கழிவுக் குழிக்கும் அவர்கள் போருக்கும் இடையே நிற்பது ஒரு மதிற்சுவர் மாத்திரம். விஸ்தாரமான கொல்லையும் தோட்டமும் உடைய வீடுகளை மனத்தில் வைத்து, செப்டிக் டேங்க் என்பதே இல்லாத காலத்தில் வகுக்கப்பட்ட சாஸ்திரத்தின்மீது இதில் குற்றமில்லை. அதை இரண்டே முக்கால் சென்டில் பிரயோகிக்கும் நம் மீதுதான் குற்றம்.

இதை நான் பிறருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. ஒரு கார்த்திகை மாதத்து அடைமழைக்குப் பிறகு எங்கள் வீட்டு அடிபம்பில் வந்த தண்ணீர் ஒருவிதமாக வாடை வீசியது. வீட்டில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. அம்மா பத்து நாள் படுத்துவிட்டாள். கிழக்கு வீட்டாரின் குழி எங்கள் பம்பிலிருந்து இருபது அடிக்குள் இருப்பதைக் கண்டு, அவர்களோடு வாய்ச்சண்டைக்கும் போனோம். பெரியவர் ஒருவர் வந்து, “உங்க குழியையும் ஒரு தடவை அளந்து பாருங்கப்பா” என்று சொன்னார். அளந்தேன். எங்கள் குழிக்கும் மேற்கு வீட்டாரின் போருக்கும் இடையே 22 அடி இருந்தது. அந்த வீட்டில் அப்போது கைக்குழந்தை இருந்தது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கைக்குழந்தையை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. கிருமிகளைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம்; மலநீரிலிருந்து நிலத்தடிக்கு இறங்கும் நைட்ரேட் உப்பு கொதிப்பதால் போவதில்லை, நீர் சுண்டச் சுண்ட அடர்த்தியே ஆகிறது. அது மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

மண்ணின் குணமும் ஊருக்கு ஊர், சில சமயம் தெருவுக்குத் தெரு மாறுகிறது. ஜயங்கொண்டம் பக்கத்துச் செம்மண் மேட்டில் நீர் சுலபமாக இறங்கும். கிழக்கே வடவாற்றையும் வீராணத்தையும், தெற்கே கொள்ளிடத்தையும் நோக்கிப் பூமி தாழத் தாழ, களியும் வண்டலும் கலந்து, ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறி வந்துவிடுகிறது. மேட்டு நிலத்தில், அரசாங்கம் சிபாரிசு செய்த இரட்டைக் குழி முறையே செலவிலும் பராமரிப்பிலும் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். அதில் ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றொன்றுக்கு நீரைத் திருப்பிவிடுகிறோம். மூடிய குழி ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தால், உள்ளே இருப்பது வாடையற்ற எருவாகிவிடும். இரண்டு சின்னக் குழிகள் கஞ்சத்தனமென்று கருதி அவற்றை ஒரே பெருங்குழியாக்கியவர்கள், அந்த முறையின் உயிரையே எடுத்துவிட்டார்கள். தாழ்ந்த பகுதியிலோ எந்தக் குழியும் உதவாது. உறிஞ்சு குழி போடுமுன் ஒரு சிறு பள்ளம் தோண்டி, இரவெல்லாம் நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் நீர் விட்டு, ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். 60 நிமிஷத்துக்கு மேலானால் அந்த மண் உறிஞ்சாது. அங்கே தொட்டியின் நீரைச் சல்லி நிரப்பிய வடிகட்டி அறையில் கீழிருந்து மேலாக ஏற்றி, அதன் பிறகு உயர்த்திக் கட்டிய பாத்தியில் கல்வாழைக்கு விடுவதே வழி.

தொட்டியைக் கட்டுகிறபோதே உயிர்கள் போகின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. புதிய தொட்டிக்கு மேல்தளம் போட்டு, சில நாள் மூடிக் கிடந்த பிறகு, உள்ளே சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கிய தொழிலாளி மூர்ச்சையாகி விழுவதும், அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் அப்படியே விழுவதும் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. மலம் ஒரு துளிகூட விழாத புதுத் தொட்டியில் என்ன வந்துவிடும் என்ற நம்பிக்கையே அவர்களைக் கொன்றது. தேங்கிய நீரும் ஈரப்பலகையும் அழுகி, உள்ளிருந்த பிராணவாயுவை உண்டுவிடுகின்றன. தளத்தை அந்த இடத்திலேயே வார்க்காமல், வெளியே வார்த்த பலகைகளைத் தூக்கி வைத்து மூடினால் உள்ளே இறங்கும் அவசியமே ஏற்படாது. பழைய தொட்டியிலோ ஹைட்ரஜன் சல்பைடு முதலில் மோப்ப சக்தியை மழுக்கிவிட்டுப் பிறகு ஆளை வீழ்த்துகிறது. வாடை இல்லை என்பது அபாயம் இல்லை என்பதற்கு அடையாளமன்று. கிணற்றுக்குள் விளக்கிறக்கிப் பார்க்கும் வழக்கத்தை இங்கே கைக்கொண்டால் மீத்தேன் தீப்பற்றும்.

இப்படி இறங்கச் சொல்வது குற்றமும் ஆகும். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றித் தொட்டிக்குள் ஆளை இறக்குகிறவர் ஊராட்சியாயினும் ஒப்பந்தக்காரராயினும் வீட்டுக்காரராயினும், முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014 மார்ச் மாதத்தில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20-ஆம் தேதி அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதியார் என்பதை ஊரறியும். நம் வீட்டுத் தொட்டியைக் கட்டும்போதே, மூடியை டைல்ஸுக்கு அடியில் புதைக்காமல், அதன்மேல் போர்டிகோவும் மாடிப்படியும் எழுப்பாமல், நுழைவாய்க்கு நேரே ஒன்றும் வெளிவாய்க்கு நேரே ஒன்றுமாகத் திறப்புகள் விட்டு, லாரியின் குழாய் தெருவிலிருந்து எட்டும் இடத்தில் அமைத்துவிட்டால், அந்த மனிதர் இறங்க வேண்டிய நிர்ப்பந்தத்தை நாமே நீக்கியவர்களாவோம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அடியில் கொஞ்சம் கசடை வித்தாக விட்டுவிட்டு, உரிமம் பெற்ற லாரியைக் கொண்டு உறிஞ்சி எடுத்தால் போதும். எடுத்தது எங்கே போகிறது என்று லாரிக்காரரைக் கேட்பதும் நம் கடமை. இரவோடிரவாக வாய்க்காலில் திறந்துவிட்டால், வீட்டுக்குள் அடக்கியதை ஊருக்குக் கொடுத்ததாகும். இந்தக் கசடைச் சுத்திகரிப்பதற்கென்றே 2017-இல் கருங்குழிப் பேரூராட்சியில் தமிழ்நாட்டின் முதல் நிலையம் ஏற்பட்டது. கிராம ஊராட்சிகளுக்கும் எட்டும் தூரத்தில் அப்படி ஒன்று இருந்தாலொழிய லாரிக்காரரை மட்டும் நோவதில் பயனில்லை.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு உரிமையாளரே சான்றளித்து, இணையவழியில் உடனடியாக அனுமதி பெறும் முறையை அரசாங்கம் கொண்டுவந்திருக்கிறது. அலைச்சலைக் குறைத்த நல்ல காரியம். ஆனால் வந்து பார்த்து, அளந்து, இது கூடாது என்று சொல்ல இனி யாரும் வரமாட்டார்கள். கையெழுத்து நம்முடையது, குழியும் நம்முடையது, கிணறு மட்டும் பிறருடையது.

தனித்தனியே 60 அடி கிடைக்காத தெருக்களுக்கு ஒரே பரிகாரம்தான் உண்டு. அது கூட்டுப் பரிகாரம். ஒவ்வொரு வீட்டிலும் கசியாத தொட்டி இருக்கட்டும். தொட்டியைக் கடந்து வரும் தெளிந்த நீரை மட்டும் சிறிய குழாய் வழியே தெருக்கோடிக்குக் கொண்டுபோய், கிணறுகளுக்கு எட்டாத பொது இடத்தில் ஊராட்சி ஒரு வடிகட்டியும் பாத்தியும் அமைக்கலாம். கசடு வீட்டிலேயே தங்கிவிடுவதால் பெரிய பாதாளச் சாக்கடையின் செலவு இதற்கு வராது. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்கும்போதே பூங்காவுக்கு இடம் கேட்பதுபோல் இதற்கும் கேட்டால், நாளைக்கு உண்டாகும் தெருக்களாவது தப்பும். அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்று மீன்சுருட்டியின் வாலிபர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் தையில் வீடு தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முளையடித்துக் கயிறு கட்டும் அன்று, கொத்தனாரின் கயிற்றோடு 60 அடி நீளமுள்ள கயிறு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நுனியை அடுத்த வீட்டுப் போரின் அருகே பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறு நுனி உங்கள் மனையில் எங்கே விழுகிறதென்று முதலில் பாருங்கள். பூஜை அறைக்கும் அடுப்படிக்கும் இடம் குறிப்பது அதற்குப் பின்னால் இருக்கட்டும்.